ஒரு மேசை, மூன்று லாச்சி

எழுவைதீவுக்குத் தண்ணீர்ப் படகு போகாமல் பதினொரு நாள் ஆகியிருந்தது. பதினோராம் நாள் காலை மேரிசுகந்தி ஊர்காவற்றுறையில் மீனாம்பிகை ரீச்சர் நடத்தும் கணினி வகுப்புக்குள் வந்து, ஒரு சீடியையும் மடித்த தாள் ஒன்றையும் மேசையில் வைத்தாள். அவளுடைய சட்டையின் கீழ்விளிம்பு கடல்நீரில் நனைந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"இரும் பிள்ளை" என்றார் மீனாம்பிகை.

"இருந்து கதைக்கிற நிலையில நான் இல்லை, ரீச்சர்."

மேசைக்கு அடியில் திருகாணி பூட்டிக்கொண்டிருந்த டிலோன் தலையை வெளியே நீட்டினான். மண்டைதீவுக்காரன். வகுப்பின் நான்கு கணினிகளையும் உயிரோடு வைத்திருப்பது அவன்தான். எந்த விஷயத்துக்கும் முதலில் ஒரு முடிவைச் சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பான்.

சுகந்தி ஒரு குடிநீர்த் திட்டத்தில் வேலை செய்தாள். மாதம் ஒருமுறை தீவுகளின் கிணறுகளில் மீற்றரை இறக்கி உப்பு எவ்வளவு என்று அளப்பாள். அந்த எண்களைக் கணினியில் எக்செல் தாளில் பதிவாள். அறிக்கைப் பொத்தானை அழுத்தினால் மக்ரோ என்ற சிறு நிரல் கணக்குப் பார்த்து, ஒவ்வொரு கிணற்றுக்கும் 'குடிக்கலாம்' அல்லது 'குடிக்கக் கூடாது' என்று நேரே அச்சிட்டுத் தள்ளும். கணக்கின் விடை கோப்பில் தங்காது. அளந்த எண்கள் மட்டுமே தங்கும். 'குடிக்கக் கூடாது' என்று வரும் தீவுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து தண்ணீர்ப் படகு போகும்.

"இந்தத் தாளில எழுவைதீவின்ர ஆறு கிணறும் குடிக்கலாம் எண்டு கிடக்கு. கீழ என்ர கையெழுத்து. இந்தச் சீடியில அதே ஃபைல், யாழ்ப்பாணம் போனதின்ர பிரதி. தாளும் பிரதிதான். இதைப் போட்டுப் பொத்தானை அமத்தினால் ஆறும் குடிக்கக் கூடாது எண்டு வருது. ரெண்டும் யூலை ரெண்டாம் திகதி, ஒரே கொம்பியூட்டரில, ஒருத்தி செய்தது. நான்."

"அப்ப ஒண்டில எண்ணை மாத்தியிருக்கிறியள்" என்றான் டிலோன்.

சுகந்தி அவன் பக்கம் திரும்பினாள். "நீர் மட்டும்தான் இன்னும் சொல்லாமல் இருந்தனீர். இப்ப கணக்கு முடிஞ்சுது."

டிலோனின் தலை மேசைக்கு அடியில் போய்விட்டது.

"கந்தோரில என்ன சொல்லுகினம்?" என்று கேட்டார் மீனாம்பிகை.

"எஞ்சினியர் நிலக்ஷன், தாள்தான் உண்மையாம், தன்ர குளங்களால தண்ணி நல்லா வந்திட்டுதாம், நான் ஊருக்குப் பயந்து சீடியில எண்ணைக் கூட்டிப்போட்டனாம் எண்டு சொல்லுறார். ஊரில, சீடிதான் உண்மை, நான் கந்தோருக்கு வால்பிடிச்சுத் தாளில பொய் எழுதிப்போட்டன் எண்டு சொல்லுகினம். ரெண்டு பக்கமும் நான்தான் கள்ளி. யாழ்ப்பாணத்தில இருந்து பெரியவர் அம்பலவாணர் நாளையிண்டைக்கு விசாரிக்க வாறார். அதுவரைக்கும் கையெழுத்து வைச்ச தாள்தான் செல்லுமாம். அதால படகும் இல்லை."

"கிணத்தைத் திருப்பி அளந்தால் முடிஞ்சுதே" என்றது மேசைக்கடியிலிருந்து வந்த குரல்.

"இருக்கிறது ஒரு மீற்றர். அது சாட்சிப் பொருளாம். பெட்டியில பூட்டி அரக்கு ஒட்டி வைச்சிருக்கினம்." சுகந்தி சிரித்தாள். கேட்பதற்கு நல்ல சிரிப்பாக இல்லை. "ஊர்ச்சனத்துக்கு மீற்றர் ஏன் ரீச்சர்? வாயில வைச்சால் தெரியும். தேத்தண்ணியில பால் விட்டால் திரையுது. அல்போன்சம்மா மாமியின்ர மருமகளுக்கு ஏழு மாதம். காலெல்லாம் வீங்கிப்போய்க் கிடக்கிறாள். இண்டைக்கு இறங்குதுறையில மாமி எல்லாருக்கும் முன்னால என்னைக் கேட்டா, 'உன்ர கையெழுத்தைத்தான்டி நாங்கள் இப்ப குடிக்கிறம், எப்பிடி ருசி எண்டு சொல்லட்டோ?' எண்டு."

மீனாம்பிகை தாளை எடுத்து அடியில் அச்சாகியிருந்த நேரத்தைப் பார்த்தார். பகல் பன்னிரண்டு இருபது.

"குடிக்கலாம் எண்டு வந்தபோது உமக்கு ஆச்சரியமா இருக்கேல்லையோ?"

"இருந்தது. எண்களைத் திருப்பி ஒப்பிட்டுப் பாத்தனான். ஒண்டும் பிசகேல்ல. நிலக்ஷன் சேர் பின்னால வந்து நிண்டு, 'பாத்தீரோ, குளம் வேலை செய்யுது' எண்டார். ஒரு மணிக்கு ஜெனரேற்றரை நிப்பாட்டிப் போடுவினம். சீடியை எழுதி, மெசினில என்ர பேரை மூடிப்போட்டு, கவரில போட்டு ஒட்டி ஜெயந்தா அக்காட்டைக் குடுத்திட்டுப் படகுக்கு ஓடினனான். நான் பிறந்த ஊர்த் தண்ணி, ரீச்சர். என்ர நாக்கை விட்டிட்டு மெசினை நம்பினனான்."

"வேலை திருப்பிக் கிடைக்கவேணும் எண்டோ வந்தனீர்?"

"வேலை கிடக்கட்டும். தண்ணி குடிக்கக் கூடாது எண்டு கந்தோர் தன்ர வாயால சொல்லவேணும். அப்பத்தான் படகு போகும். பதினொரு நாளா ஆரும் சொல்லேல்ல. ஆர் கள்ளன் எண்டுதான் எல்லாரும் கேக்கினம். தண்ணி எப்பிடி எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல."

மறுநாள் காலை மீனாம்பிகையும் டிலோனும் திட்டத்தின் கந்தோருக்குப் போனார்கள். ஒரு பழைய வீட்டின் முன்னறை. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், சீடிகள் நிறைந்த அலுமாரி. வெளியே ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. எழுதுநர் ஜெயந்தா இவர்களைக் கண்டதும் கதிரைகளை இழுத்துப் போட்டாள்.

"இந்த மெசினை எத்தினை பேர் பாவிக்கிறியள்?" என்று கேட்டார் மீனாம்பிகை.

"நான், சுகந்தி, நிலக்ஷன் சேர். மூண்டு பேருக்கும் தனித்தனிப் பேர், தனித்தனிப் பாஸ்வேட். யாழ்ப்பாணத்துக் கட்டளை. ஆனால் ரீச்சர், காலமை ஒம்பது மணிக்குத்தான் கரண்ட் வரும், ஒரு மணிக்குப் போயிடும். ஒராள் வெளிய வந்து மற்றாள் உள்ள போறதெண்டால் இந்தக் கிழட்டு மெசின் கால்மணித்தியாலம் யோசிக்கும். அதால எழும்பிப் போறாக்கள் அப்பிடியே விட்டிட்டுத்தான் போறது."

"ரெண்டாம் திகதியும் விட்டிட்டுப் போனதோ?"

"அண்டைக்கு மாதத்தின்ர முதல் வெள்ளியெல்லே. நானும் சுகந்தியும் பதினொரு மணிப் பூசைக்குப் போறது. எண்களைப் பதிஞ்சு வைச்சிட்டுத்தான் அவ எழும்பினவ. திரும்பி வரப் பன்னிரண்டு தாண்டியிட்டுது. எல்லா மாதமும் அப்பிடித்தான். சேர் கூடப் பகிடி விடுவார், 'எனக்கும் சேத்து மன்றாடுங்கோ, குளம் நிரம்பவேணும்' எண்டு."

"அவ தந்த கவரை ஆரும் திறந்ததோ?"

"இல்லை. என்ர மேசையில பூட்டி வைச்சுத் திங்கட்கிழமை நானே யாழ்ப்பாணம் அனுப்பினனான். அங்க அதை ஆரும் போட்டுப் பாக்கிறேல்ல, ரீச்சர். ரெண்டு வருசமா அலுமாரிக்குத்தான் போகுது. இந்தமுறை சனம் வந்து கத்தினபடியாத்தான் திறந்தவை."

அந்த நேரம் நிலக்ஷன் உள்ளே வந்தான். முப்பது வயதிருக்கும். காலில் துப்புரவான சப்பாத்து, மெல்லிய குரல். எழுவைதீவில் மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கவென்று சென்ற வருடம் ஐந்து குளங்கள் வெட்டியவன். அந்தக் குளங்களின் படம் சுவரில் பெரிதாகத் தொங்கியது. ஆவணி மாதம் வெளிநாட்டிலிருந்து அவற்றைப் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது.

"ரீச்சர், எனக்கும் அந்தப் பிள்ளையில இரக்கம்தான்" என்றான். "ஊர்ப்பாசம். விளங்குது. ஆனால் விஞ்ஞானம் எண்டு ஒண்டு இருக்கெல்லே. சனம் உப்பு எண்டு சொல்லுது எண்டதுக்காக நாங்கள் உப்பு எண்டு எழுதேலாது."

"மக்ரோவில பிழை இருக்கலாமோ?"

"இல்லை. அதையும் நான் பாத்திட்டன். மீற்றர் காட்டுற எண்ணை ஒரு பெருக்கெண்ணால பெருக்கித்தான் உண்மையான உப்பு அளவு வாறது. செற்றிங்ஸ் எண்டு ஒரு பெட்டி இருக்கு, அதில அந்தப் பெருக்கெண்ணை மாத்தலாம். முறைப்பாடு வந்தது ஏழாம் திகதி, புதன்கிழமை. அண்டைக்குத்தான் வாழ்க்கையில முதல்தரம் அந்தப் பெட்டியைத் திறந்தனான். ஒண்டு தசம் ஒண்டு எண்டு சரியாக் கிடந்தது. பாத்திட்டு மூடிப்போட்டன்."

"உங்கட பேரில உள்ள போய்த்தானே பாத்தனீங்கள்?"

"ஓம். சுகந்தியை அப்பவே நிப்பாட்டியாச்சு. அவவின்ர பாஸ்வேட் எனக்கு என்னெண்டு தெரியும்?"

"நல்லது" என்று எழுந்தார் மீனாம்பிகை. சுவரிலிருந்த குளத்தின் படத்தை ஒருமுறை பார்த்தார். "இது மாரியில எடுத்த படமோ?"

"ஓம்."

"இப்ப தண்ணி இருக்கோ?"

நிலக்ஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். டிலோனும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு கணினித் திரையின் மூலையிலிருந்த நேரத்தையும் பார்த்தான்.

"மெசின் நேரம் சரியா ஓடுது ரீச்சர்" என்றான் வெளியே வந்ததும். "வைகாசியில நான் போட்ட பற்றரி. ஆனால் எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. பெருக்கெண் சரி. எண்கள் சரி. சீடி ஒட்டின கவருக்க இருந்தது. அப்ப சுகந்தி அக்காதான்."

"நேற்றும் அதைத்தான் சொன்னீர்."

"நேற்று யோசியாமல் சொன்னனான். இண்டைக்கு யோசிச்சுச் சொல்லுறன்."

"சரி. நான் வேறையொண்டு கேக்கிறன். அந்தப் பெருக்கெண் எங்க இருக்குது?"

டிலோன் நின்றான். "ஃபைலுக்குள்ளதானே இருக்கவேணும்."

"வாரும், பாப்பம்."

வகுப்பில் டிலோன் சீடியைப் போட்டு மக்ரோவின் வரிகளைத் திறந்தான். எழுதிய பெண் கனடாவுக்குப் போய் இரண்டு வருடம். "பொறுப்பில்லாமல் எழுதியிருக்கிறா" என்று முணுமுணுத்தபடி செற்றிங்ஸ் பெட்டியைக் கொண்டுவந்தான். பெருக்கெண்ணுக்கு ஒரு கட்டம், அதன் கீழே 'சேமி' என்ற பொத்தான். கட்டம் வெறுமையாக இருந்தது. "பாருங்கோ ரீச்சர், இப்ப என்ன எண் இருக்கு எண்டு காட்டவும் மாட்டுது. எப்ப திறந்தாலும் வெறுங்கட்டம். நாங்களாத்தான் எண்ணை அடிக்கவேணும்."

"எப்ப திறந்தாலுமோ?"

"எப்ப திறந்தாலும். காட்டச் சொல்லி ஒரு வரியும் எழுதேல்ல."

மீனாம்பிகை தலையசைத்தார். "அந்தக் கட்டத்தில ஐஞ்சு எண்டு அடிச்சுச் சேமியும்."

அடித்தான். அறிக்கையில் உப்பின் அளவு கன்னாபின்னாவென்று ஏறியது. கோப்பை மூடினான். திரும்பத் திறந்தான். அப்போதும் ஐந்தால்தான் பெருக்கியது.

"டிலோன், இது எழுதி முடிச்ச சீடி. இதில இனி ஒரு புள்ளிகூட எழுத ஏலாது. அப்ப உம்முடைய ஐஞ்சு எங்க போய் இருக்குது?"

டிலோனின் விரல்கள் தாமாக ஓடின. சேமிக்கும் வரியைக் கண்டுபிடித்தான். அது எண்ணைக் கோப்பில் எழுதவில்லை. கணினி தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடமான விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் எழுதியது. ரெஜிஸ்ட்ரியைத் திறந்து தேடினான். அங்கே மக்ரோவின் பெயரும், அதற்குள் பெருக்கெண் என்ற சொல்லும், அதன் எதிரே ஐந்தும் இருந்தன.

"இப்ப இதே மெசினில வேறையொரு பேரில உள்ள போம்."

மாணவர்களுக்கான பெயரில் போனான். அதே சீடி, அதே பொத்தான். விடை பழையபடி சரியாக வந்தது. ரெஜிஸ்ட்ரியில் அந்த இடமே இல்லை. ஒன்றும் சேமிக்காதவருக்கு, மக்ரோவிலேயே எழுதியிருந்த ஒன்று தசம் ஒன்றைத்தான் அது எடுத்தது.

"ஒரு மேசை எண்டு வைச்சுக்கொள்ளும்" என்றார் மீனாம்பிகை. "மூண்டு பேர் இருந்து வேலை செய்யினம். மேசை ஒண்டு, ஆனால் இழுத்துத் திறக்க ஆளுக்கொரு லாச்சி. சுகந்தியின்ர பேரில இருந்துகொண்டு சேமிச்சது சுகந்தியின்ர லாச்சிக்குள்ளதான் விழும். மற்ற ரெண்டு பேரும் ஆயிரம்தரம் ஃபைலைத் திறந்து பாத்தாலும் அது தெரியாது. சீடியில ஏறி யாழ்ப்பாணம் போகவும் மாட்டுது."

"அப்ப சுகந்தி அக்காவின்ர லாச்சியில…" டிலோன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். "இன்னும் கிடக்கும் ரீச்சர். அவவை நிப்பாட்டினாப் பிறகு அந்தப் பேரில ஒருத்தரும் உள்ள போகேல்ல."

"ஓம். ஆனால் அதில ஆர் வைச்சது எண்டு எழுதியிருக்காது. 'அவவே வைச்சவ' எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போயிடுவினம்." மீனாம்பிகையின் குரல் மாறவில்லை. கையிலிருந்த பேனையின் மூடியை மட்டும் அழுத்தி அழுத்தி மூடிக்கொண்டிருந்தார். "எனக்கு அந்த லாச்சி போதாது. மற்ற லாச்சிகளும் வேணும்."

வெள்ளிக்கிழமை காலை அம்பலவாணர் வந்தார். பருமனான, களைத்த மனிதர். மேசையின் தலைமாட்டில் அவரும், பக்கத்தில் நிலக்ஷனும் இருந்தார்கள். எதிரே சுகந்தி. எழுவைதீவிலிருந்து அல்போன்சம்மா முதல் படகில் வந்து, கேளாமலே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சுகந்தியை அவர் பார்க்கவில்லை.

ஜெயந்தா எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அம்பலவாணர் ஒரு மிடறு குடித்து, முகத்தைச் சுருக்கிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். நிலக்ஷனும் ஒரு மிடறோடு நிறுத்திக்கொண்டான்.

"சுருக்கமாச் சொல்லுங்கோ ரீச்சர்" என்றார் அம்பலவாணர். "எனக்கு ஒரு மணிக்கு முதல் வெளிக்கிடவேணும்."

"எழுவைதீவுக்கும் நேரம் போகுது, ஐயா" என்றார் அல்போன்சம்மா.

மீனாம்பிகை சீடியை ஜெயந்தாவிடம் கொடுத்து, அவளுடைய பெயரில் உள்ளே போய் அறிக்கை எடுக்கச் சொன்னார். பிரிண்டர் கரகரத்தது. ஆறு கிணறும் குடிக்கக் கூடாது. பிறகு சுகந்தியைத் தன் பெயரில் போகச் சொன்னார். கணினி நெடுநேரம் யோசித்தது. டிலோன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டிருந்தான். அதே சீடி. அதே பொத்தான்.

ஆறு கிணறும் குடிக்கலாம்.

அம்பலவாணர் இரண்டு தாள்களையும் கையில் எடுத்துப் பார்த்தார். "இதென்ன மாயம்?"

மீனாம்பிகை லாச்சிகளைப் பற்றிச் சொன்னார். சுகந்தியின் லாச்சியைத் திரையில் திறந்து காட்டினார். பெருக்கெண்: பூச்சியம் தசம் நான்கு. உப்பைப் பாதிக்கும் குறைவாகக் காட்டும் எண்.

"அப்ப சீடியில எண்ணை ஆரும் மாத்தேல்ல" என்றார் அம்பலவாணர் மெதுவாக.

"இல்லை. தாளிலயும் இந்தப் பிள்ளை மாத்தேல்ல. அவ பதிஞ்ச எண்கள் அப்பிடியே இருக்கு. பெருக்கின எண்தான் பொய்."

"ஆனால் அது அவவின்ர பேரில, அவவின்ர பாஸ்வேட்டுக்குள்ள இருக்குது" என்றான் நிலக்ஷன். "அவவே வைச்சிருக்கலாம்தானே?"

"இருக்கலாம்" என்றார் மீனாம்பிகை. "டிலோன்."

டிலோன் இதற்காகவே காத்திருந்தான். "ரெஜிஸ்ட்ரியின்ர ஒரு பகுதியை எழுத்து ஃபைலா வெளிய எடுத்தால், அதில கடைசியா எப்ப எழுதினது எண்ட நேரமும் சேந்து வரும், சேர். திரையில பாக்கேக்க தெரியாது. வெளிய எடுத்தால்தான் தெரியும்." எடுத்தான். யூலை இரண்டு, காலை பதினொன்று இருபத்து நான்கு.

"முதல் வெள்ளி" என்றாள் ஜெயந்தா உடனே. "அந்த நேரம் நானும் அவவும் கோயில்ல. பூசையில பாதி. என்ர பக்கத்தில முழந்தாளில நிண்டவ."

"இந்த அறையில மெசின் அவவின்ர பேரில திறந்தபடி கிடந்தது" என்றார் மீனாம்பிகை. "இனி ஜெயந்தாவின்ர லாச்சி. காலமை நீங்கள் வர முதலே பாத்திட்டம், அங்க ஒண்டும் இல்லை. அவ ஒருநாளும் ஒண்டும் சேமிக்கேல்ல. இருக்கவும் கூடாது. நிலக்ஷன் தம்பி, உங்கட பேரில உள்ள போங்கோ."

"அதில என்ர தனிப்பட்ட விஷயங்கள் இருக்கு."

"நாங்கள் ஒரு லாச்சியைத்தான் பாப்பம். நேற்று என்னட்டைச் சொன்னனீங்கள், பெட்டியைத் திறந்து பாத்திட்டு மூடினதாக. சும்மா பாத்து மூடினாக்களின்ர லாச்சி வெறுமையாத்தான் இருக்கும்."

நிலக்ஷன் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"திறவும்" என்றார் அம்பலவாணர்.

அவன் திறந்தான். டிலோன் தேடினான். அந்த இடம் இருந்தது. பெருக்கெண்: ஒன்று தசம் ஒன்று.

"சரியான எண்தானே!" என்றான் நிலக்ஷன். "பாருங்கோ சேர், சரியான எண். பாக்கேக்க தவறுதலாச் சேமியை அமத்தியிருப்பன்."

"இல்லை, தம்பி. அந்தக் கட்டம் ஒருநாளும் எண்ணைக் காட்டாது. எப்ப திறந்தாலும் வெறுங்கட்டம். ஒண்டு தசம் ஒண்டு எண்டு கிடந்ததை ஒருத்தரும் பாத்திருக்க ஏலாது. அங்க அந்த எண் இருக்கிறதெண்டால், அதை நீங்கள் உங்கட கையால அடிச்சனீங்கள்." மீனாம்பிகை டிலோனைப் பார்த்தார். "நேரம்?"

"யூலை ரெண்டு. பகல் பன்னிரண்டு நாப்பத்தேழு."

"முறைப்பாடு வந்தது ஏழாம் திகதி" என்றார் மீனாம்பிகை. "ரெண்டாம் திகதி பிழை எண்டு ஒண்டு இருக்குதெண்டே ஆருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை தாளில கையெழுத்து வைச்சு, மெசினில தன்ர பேரை மூடிப்போட்டுப் படகுக்குப் போயிட்டுது. ஜெனரேற்றர் நிக்க முதல் ஒராள் அவசரமா ஒரு எண்ணைத் திருத்தினவர். ஒராள் மாத்தினது எல்லாருக்கும் மாறும் எண்டு நினைச்சவர். அதால தான் கெடுத்ததைத் தன்ர பேரில வந்து திருத்திப்போட்டு, எல்லாம் சரியாச்சுது எண்டு வீட்டை போனவர். கெடுத்தது சுகந்தியின்ர லாச்சியை. திருத்தினது தன்ரயை."

டிலோன் இரண்டு எழுத்துக் கோப்புகளையும் அச்சிட்டு அம்பலவாணர் முன் வைத்தான்.

"மாரி வந்தால் குளம் நிரம்பும்" என்றான் நிலக்ஷன். மேசையைப் பார்த்தபடி பேசினான். "கிணறும் மாறும். கணக்கு அப்பிடித்தான் சொல்லுது. ஆவணியில ஆக்கள் வரேக்க ஒரு நல்ல அறிக்கை வேணும், அவ்வளவுதான். இல்லையெண்டால் அடுத்த குளங்களுக்கு ஒண்டும் தரமாட்டினம். ஒரு மாதம். தாளில மட்டும்."

"தாளில மட்டும்" என்று அல்போன்சம்மா திருப்பிச் சொன்னார். "என்ர மருமகளின்ர காலை வந்து பாரும் தம்பி. தாள் வீங்கின மாதிரியோ கிடக்குது எண்டு."

அம்பலவாணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கந்தோர்க் குரல் திரும்பி வந்திருந்தது. "சரி. விஷயம் விளங்கியிட்டுது. மிஸ் சுகந்தி திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். நிலக்ஷன் என்னோட யாழ்ப்பாணம் வரட்டும். இது இந்த அறைக்குள்ள இருக்கட்டும். நான் முழு அறிக்கை எழுதி மேல அனுப்பிறன். அங்கயிருந்து பதில் வந்த பிறகு படகு விஷயத்தை…"

"இல்லை" என்றாள் சுகந்தி.

அவள் கத்தவில்லை. ஆனால் அம்பலவாணர் நிறுத்திவிட்டார்.

"படகு நிண்டு பதிமூண்டு நாள். நீங்கள் இன்னும் என்னைப் பற்றித்தான் கதைக்கிறியள். என்ர கையெழுத்து, என்ர பாஸ்வேட், என்ர ஊர்ப்பாசம். நான் கள்ளி இல்லை எண்டு இப்பவும் என்னைப் பற்றித்தான் சொல்லுறியள். எனக்கு அது வேண்டாம். நான் திங்கட்கிழமை வாறனோ இல்லையோ தெரியாது. தண்ணி எப்பிடி எண்டு இன்னும் இந்தக் கந்தோர் சொல்லேல்ல. அந்தத் தாள் இன்னும் செல்லுபடியா உங்கட மேசையில கிடக்குது."

"மேலிடத்து அனுமதியில்லாமல் நான் அப்பிடி…"

"ஐயா" என்றார் அல்போன்சம்மா. "தேத்தண்ணி குடிக்கேல்லையே நீங்கள்."

அம்பலவாணர் கோப்பையைப் பார்த்தார்.

"காலமை போத்தில்ல கொண்டுவந்து இந்தப் பிள்ளை ஜெயந்தாட்டைக் குடுத்தனான். எங்கட கிணத்துத் தண்ணி. உங்கட தாளின்படி நல்ல தண்ணி. ஒரு மிடறோட வைச்சிட்டியள்." அவர் முதல்முறையாகச் சுகந்தியின் பக்கம் திரும்பினார். பிறகு கதிரையை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாங்கள் ரெண்டு பேரும் நீங்கள் குடிச்சு முடிக்கும்வரை இருக்கிறம். அல்லது சொல்லுங்கோ."

ஒருவரும் எழும்பவில்லை. அம்பலவாணரின் கை கோப்பையின் காதுவரை போய் நின்றது. ஆறிப்போன தேத்தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு படிந்திருந்தது. அவர் கையை எடுத்தார். சுகந்தி கையெழுத்து வைத்த தாளை இழுத்து, அதன் குறுக்கே ஒரு கோடு போட்டு, திகதி இட்டார். பிறகு, யாரையும் பாராமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"எழுவைதீவின்ர ஆறு கிணத்துத் தண்ணியும் குடிக்கக் கூடாது."